நீல முட்டைக் கோழிகள்: சுத்த ஜாதியைக் கண்டறியும் முறை

மைனா நீல முட்டையிடுவதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. கோழி நீல முட்டையிட்டால் மட்டும் அதைக் காணப் பலர் கூடுகின்றனர். அதிகக் கிரயம் கொடுத்து வாங்கவும் சிலர் முன்வருகின்றனர். அவ்வாறு வாங்கியவர்களுள் ஒரு பகுதியினர், அடுத்த தலைமுறைக் கோழிகள் வெள்ளை முட்டையிடக் கண்டு ஏமாற்றமடைகின்றனர். முட்டையின் நிறத்தைக் கண்டதும் கோழியின் குலத்தையே கண்டுவிட்டதாக எண்ணுவது இவ்வேமாற்றத்திற்குக் காரணமாகும்.

பிறப்பிடம்

தென்னமெரிக்காவில் சிலி தேசத்தின் தென்பகுதியில் மாப்புச்சே என்னும் ஆதிக்குடிகள் வாழ்கின்றனர். ஸ்பானியர் இவர்களை அரௌக்கானியர் என்று அழைத்தனர். இவர்கள் வளர்த்துவந்த கோழிகளுள் ஒரு வகை வாலில்லாதது, நீல முட்டையிடுவது. மற்றொரு வகைக்குக் காதருகே இறகுக் குஞ்சம் உண்டு. சிலி தேசத்தவராகிய ரூபன் பூஸ்டாஸ் என்பவர் இவ்விரு வகைகளையும் கலந்து விருத்தி செய்தார்.

ஸ்பெயின் தேசத்துக் கோழி வளர்ப்பு நிபுணர் சால்வடோர் காஸ்டெயோ 1914-ஆம் ஆண்டில் சிலிக்குச் சென்று இக்கோழிகளைக் கண்டார். 1921-ல் ஹேக் நகரில் கூடிய முதல் உலகக் கோழி வளர்ப்பு மகாநாட்டில், இவை இயற்கையிலேயே தோன்றிய தனி இனம் என்று அவர் எடுத்துரைத்தார். தாம் கண்டவை கலப்பினால் உண்டானவை என்று பின்னர் அவரே திருத்திக் கூறினார். கற்றறிந்த நிபுணரையும் மயக்கிய தோற்றம் சாதாரணமாகக் கோழி வாங்குவோரை மயக்குவது வியப்பன்று.

நிறத்தின் காரணம்

கோழிமுட்டையின் ஓட்டிற்கு நிறம் தருவன முக்கியமாக இரண்டு பொருள்கள். பிலிவெர்டின் என்பது நீலம் தருவது. புரோட்டோபார்ஃபிரின் என்பது பழுப்பு தருவது. நீலம் ஓட்டின் கனம் முழுவதும் ஊடுருவி நிற்கும். பழுப்போ பெரும்பாலும் மேற்புறத்திலேயே படியும். நீல ஓட்டின்மேல் பழுப்புப் படிந்தால் முட்டை பச்சையாகத் தோன்றும். ஆகவே பச்சை முட்டை கிடைத்தால் ஓட்டை உடைத்து உட்புறத்தைப் பார்த்தல் வேண்டும். அங்கே நீலம் தெளிவாய்த் தெரியும். வெறும் பழுப்பு முட்டையின் உட்புறம் வெண்மையாகவே இருக்கும்.

இந்நீலத்தின் மூலகாரணம் 2013-ல் வெளியான ஆராய்ச்சிகளால் விளங்கிற்று. முற்காலத்தில் ஒரு வகை வைரஸின் துண்டு கோழியின் மரபுப்பொருளில் புகுந்து நிலைத்துவிட்டது. ஓடு உருவாகும் உறுப்பில் வழக்கமாகத் தொழிற்படாத ஒரு கூறு அதனால் தூண்டப்பட்டு, ஓட்டில் நீலம் சேர ஏதுவாயிற்று. சீனாவின் நீல முட்டைக் கோழிகளிலும் தென்னமெரிக்கக் கோழிகளிலும் இந்நிகழ்ச்சி தனித்தனியே நேர்ந்திருக்கிறது.

மறைந்து நிற்கும் கூறு

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பேராசிரியர் பன்னெட் என்பார், நீல நிறம் வெண்மையை அடக்கி மேலோங்கும் இயல்புடையது என்பதை 1933-ல் வெளியிட்டார். இதன் பொருளைப் பண்ணையாளர் நன்கு உணர்தல் வேண்டும். ஒவ்வொரு கோழியும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு நிறக்கூறுகளைப் பெறுகிறது. இரண்டும் நீலமாயினும் முட்டை நீலம். ஒன்று நீலமும் மற்றொன்று வெள்ளையுமாயினும் முட்டை நீலமே. இரட்டைக் கூறுடைய பெட்டையின் முட்டை சற்று ஆழ்ந்த நிறமுடையதாயிருக்கலாம். ஆயினும் அதை நம்பிக் குலத்தைத் தீர்மானித்தல் இயலாது.

ஒற்றைக் கூறுடைய சேவலையும் ஒற்றைக் கூறுடைய பெட்டையையும் இணைத்தால், சராசரியாக நான்கு பெட்டைக் குஞ்சுகளில் மூன்று நீல முட்டையும் ஒன்று வெள்ளை முட்டையும் இடும். நீலமிடும் அம்மூன்றில் ஒன்றே சுத்தமானது. மற்ற இரண்டும் குறையை மறைத்து வைத்திருப்பவை. அவற்றையும் வித்துக்கு வைத்தால் குறை தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

சேவலைப் பரீக்ஷித்தல்

மந்தையில் ஒரு சேவலுக்குப் பல பெட்டைகள் உண்டு. ஆதலால் சேவலின் குறை மந்தை முழுவதும் பரவும். சேவலோ முட்டையிடுவதில்லை, ஆகவே அதன் தகுதியை அதன் மகள்களைக் கொண்டு அறியலாம். இதற்கு ஏற்ற வழி பரீக்ஷைக் கலப்பு.

வெள்ளை முட்டையிடும் லெகார்ன் பெட்டைகள் சிலவற்றைத் தனிக்கொட்டிலில் வைத்து, பரீக்ஷிக்கவேண்டிய சேவலை அவற்றுடன் விடுக. முன்பு வேறு சேவலுடன் இருந்த பெட்டைகளாயின், பிரித்து மூன்று வாரம் கழிந்த பின்னரே அடைவைக்கும் முட்டைகளைச் சேகரித்தல் வேண்டும். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் பல நாட்கள் தங்கியிருக்கும். முட்டைகளை அடைவைத்து 21 நாட்களில் குஞ்சு வெளிவந்ததும், ஒவ்வொன்றிற்கும் அடையாளமிட்டு, தந்தையின் எண்ணைப் புத்தகத்தில் பதிவு செய்க. பெட்டைக் குஞ்சுகள் ஐந்தாறு மாதங்களில் முட்டையிடத் தொடங்கும்.

ஒரு மகளேனும் வெள்ளை முட்டையிட்டால் சேவல் சுத்தமானதன்று என்பது நிச்சயம். ஏழு மகள்களும் நீல முட்டையிட்டால், ஒற்றைக் கூறுடைய சேவலுக்கு அவ்வாறு தற்செயலாய் நேர்வது 128-ல் ஒரு பங்கே. ஆதலால் அதைச் சுத்தமானதாகக் கொள்ளலாம். இரண்டு மூன்று மகள்களை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுதல் தவறு. பரீக்ஷைக்குச் செல்லும் காலமும் தீனியும் வீணென்று எண்ணற்க. சுத்தமற்ற சேவலால் மந்தை கெட்ட பின் அதைத் திருத்துவதற்கு ஆகும் செலவு இதனினும் பெரிது.

கொண்டையைக் கொண்டு நிறத்தை அறியலாம் என்பாரும் உளர். நீலக் கூறும் பட்டாணிக் கொண்டைக்குரிய கூறும் மரபுப்பொருளில் அருகருகே அமைந்திருப்பதால், அரௌக்கானாவில் பெரும்பாலும் சேர்ந்தே வரும் என்பது உண்மை. ஆனால் பன்னெட்டும் மைக்கேல் பீஸும் கேம்பிரிட்ஜில் உண்டாக்கிய கிரீம் லெக்பார் கோழி ஒற்றைக் கொண்டையுடன் நீல முட்டையிடுகிறது. ஆகவே கொண்டை ஒரு குறிப்பு மட்டுமே; சாட்சியன்று.

குஞ்சத்திற்குக் கொடுக்கும் விலை

கண்காட்சிகளில் காதுக் குஞ்சமுள்ள அரௌக்கானாவுக்கு மதிப்பு அதிகம். ஆனால் குஞ்சத்தின் கூறு இரட்டையாக அமைந்த கரு ஓட்டினுள்ளேயே மடிந்துவிடும். குஞ்சமுள்ள இரண்டை இணைத்தால் கால்பங்குக் கருக்கள் இவ்வாறு அழியும். குஞ்சமுள்ளதைக் குஞ்சமில்லாததோடு இணைத்தால் இவ்விரட்டைக் கூறு உண்டாவதில்லை. பிறப்பவற்றில் ஏறக்குறையப் பாதிக்குக் குஞ்சமிருக்கும். வாலில்லாமையும் கருத்தரிப்பைக் குறைக்கக் கூடியது. அழகுக்காகக் கொள்ளும் லக்ஷணம் எத்தனை குஞ்சுகளைப் பலிகொள்ளும் என்பதைக் கணக்கிட்ட பிறகே அதை விரும்புதல் நலம்.

முட்டையை மதிப்பிடுதல்

முட்டையிடும் காலம் நீடிக்க நீடிக்க நிறம் வெளிறுவது இயல்பு. ஆதலால் விடைக்கோழிகளைத் தொடக்க முட்டைகளைக் கொண்டு ஒரே காலத்தில் ஒப்பிடுதல் வேண்டும். கோழி உட்புகுந்ததும் கதவு தானே மூடிக்கொள்ளும் கூடுகளை அமைத்தால், எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்பது தெளிவாகும். நிறத்தோடு எண்ணிக்கை, எடை, ஓட்டின் உறுதி, குஞ்சு பொரிக்கும் திறன் ஆகியவற்றையும் பதிதல் வேண்டும். ஆழ்ந்த நீலம் ஒன்றையே கருதித் தெரிந்தெடுத்தால் சில முட்டைகளே இடும் மந்தைதான் மிஞ்சும்.

நீல முட்டையில் கொழுப்புச் சத்துக் குறைவு என்று விற்போர் கூறுவதுண்டு. பரீக்ஷைகள் இதனை மெய்ப்பிக்கவில்லை. ஓட்டின் நிறம் உள்ளிருக்கும் ஆகாரத்தின் தரத்தை மாற்றுவதில்லை.

ஆகவே நீல முட்டைக் கோழி வாங்க விரும்புவோர் முட்டையை மட்டும் பாராமல், விற்பவரின் பதிவுப் புத்தகத்தையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். சேவலின் மகள்கள் எத்தனை, அவை எந்நிற முட்டையிட்டன என்று அதில் எழுதியிருந்தால், கொடுக்கும் கிரயம் நியாயமானதே. அவ்வாறு எழுதியிராத பறவைக்குச் சாதாரணக் கோழியின் விலையே போதுமானது.