தரவு மையங்களில் காற்று வடிகட்டல்

தரவு மையக் காற்று வடிகட்டல் என்பது, வழங்கிகள் (சர்வர்கள்) நிறைந்த கூடத்தின் காற்றிலிருந்து தூசியையும் உலோகத்தை அரிக்கும் வாயுக்களையும் நீக்கும் முறையாகும். வங்கிக் கணக்கு, தொடருந்து முன்பதிவு, மருத்துவமனைப் பதிவேடு போன்றவை இன்று இத்தகைய கூடங்களை நம்பியே இயங்குகின்றன.

வழங்கியின் விசிறிகள் குளிர்ந்த காற்றை முன்புறம் இழுத்து, வெப்பக் காற்றைப் பின்புறம் தள்ளுகின்றன. ஒரு கிலோவாட் மின்சாரம் செலவிடும் கருவியைக் கடக்கையில் காற்று 12 பாகை செல்சியசு சூடேறுவதாகக் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 250 கன மீட்டர் காற்று தேவைப்படும். 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் அடங்கும் காற்றைப் போல் இது இரு மடங்கு. இவ்வளவு காற்றும் மின்சுற்றுப் பலகைகளைத் தடவிக்கொண்டே செல்வதால், அதில் இருப்பதெல்லாம் அவற்றின்மேல் படிகிறது.

தூசி

வெப்பம் கடத்தும் உலோகத் தகடுகளின்மேல் தூசி படிந்தால் அது கம்பளிபோல் வெப்பத்தைத் தடுக்கும். விசிறிகள் வேகமாகச் சுழன்று மின்சாரத்தை வீணாக்கும். தூசியில் உப்பும் கலந்திருந்தால் தீங்கு பெரிது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு நீரை ஈர்த்துக் கரைசலாகி மின்சாரத்தைக் கடத்தும். சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தூசி வெளியிலிருந்துதான் வரும் என்பதில்லை. துத்தநாக மின்முலாம் பூசிய தரைப் பலகைகளின் அடிப்பரப்பில் மயிரினும் மெல்லிய துத்தநாக இழைகள் வளர்வதுண்டு. பலகையைத் தூக்கும்போது அவை முறிந்து பறந்து, மின்வழங்கிப் பகுதியில் குறுக்குச்சுற்றை உண்டாக்கும்.

வடிகட்டியின் தரம்

வடிகட்டியின் திறனை 'மெர்வ்' எண்ணால் குறிப்பர். கூடத்துக்குள் சுழலும் காற்றுக்கு மெர்வ் 8, வெளியிலிருந்து எடுக்கும் காற்றுக்கு மெர்வ் 11 அல்லது 13 என்பது அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. எண் கூடினால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் அடர்த்தியான வடிகட்டி வழியே காற்றைத் தள்ள விசிறிக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும்.

இண்டெல் நிறுவனம் நியூ மெக்சிகோவில் சுமார் 450 வழங்கிகளைப் பத்து மாதங்கள் பெரும்பாலும் வெளிக்காற்றாலேயே குளிர்வித்து, முடிவை 2008இல் வெளியிட்டது. பெரிய துகள்களை மட்டும் தடுக்கும் எளிய வடிகட்டியே அங்கு இருந்தது. வழங்கிகள்மேல் தூசி படிந்தபோதும், பழுது விகிதம் 4.46 விழுக்காடு, அதே இடத்தின் வழக்கமான மையத்தில் 3.83 விழுக்காடு. வறண்ட நிலப்பகுதியில் பத்து மாதங்களில் கிடைத்த இம்முடிவைக் கடலோரத்துக்கோ தொழிற்பேட்டைக்கோ அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

வாயுக்கள்

தூசி வடிகட்டி எவ்வளவு நுண்ணியதாயினும் வாயுவைத் தடுக்காது. வெள்ளிக் கொலுசு கறுப்பதற்குக் காரணமான கந்தகச் சேர்மங்களே மின்சுற்றுப் பலகையையும் அரிக்கின்றன. சாக்கடை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகியவை ஐதரசன் சல்பைடின் பிறப்பிடங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலையில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபின், ஈயப் பூச்சுக்கு மாற்றாக வெள்ளிப் பூச்சும் பரவியது. அத்தகைய பலகைகளில் உண்டாகும் செம்பு சல்பைடு மெல்ல ஊர்ந்து அடுத்தடுத்த இணைப்புகளைச் சேர்த்துவிடும்.

இதற்குக் கிளர்வுற்ற கரி அல்லது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு ஏற்றிய அலுமினா மணிகள் கொண்ட வேதி வடிகட்டி தேவை. தேவையா என்றறியச் செம்பு, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் கூடத்தில் வைத்துச் சோதிப்பர். அரிப்புப் படலம் செம்பில் 300, வெள்ளியில் 200 ஆங்சுட்ராமுக்குள் இருந்தால் காற்று ஏற்கத்தக்கது.

வடிகட்டியின் சட்டத்தைச் சுற்றி இடைவெளி இருந்தால், காற்று அதன் வழியே நழுவிவிடும். ஆதலால் பொருத்தும்போதே இடைவெளியை அடைக்கின்றனர். இருபுற அழுத்த வேறுபாட்டை அளந்து, அது குறித்த அளவைத் தாண்டியதும் மாற்றுகின்றனர். புதிய கருவிகள் வரும் அட்டைப்பெட்டிகளையும் கூடத்துக்கு வெளியிலேயே பிரிப்பது வழக்கம்.