சோக்கேயாப்பு: நகரம் மூடிவைத்த ஆறு

மேல், கீழ் என்ற சொற்களுக்கு நாம் பழகிய பொருள் பொலிவியாவின் லா பாஸில் செல்லாது. 4,000 மீட்டருக்கு மேலுள்ள எல் ஆல்ட்டோ மேட்டில் அய்மரா உழைப்பாளிகள் வாழ்கிறார்கள். பல நூறு மீட்டர் கீழே, குளிர் குறைந்த தென்பகுதியில் வசதி படைத்தவர்கள்.

இரண்டுக்கும் இடைப்பட்ட நகரத்தைச் சோக்கேயாப்பு ஆறு கடக்கிறது. ‘யாப்பு’ என்றால் அய்மராவில் விளைநிலம். 1548இல் நகரை நிறுவிய ஸ்பானியருக்கு இந்த ஆறுதான் எல்லைக்கோடு: ஒரு கரையில் அவர்கள், மறுகரையில் ‘இந்தியர்’ குடியிருப்புகள். 1781இல் துபாக் கட்டாரியின் அய்மரா படை மேட்டை வளைத்துக்கொண்டு நகரைப் பல மாதம் முற்றுகையிட்டது. யார் மேலே நிற்கிறார்கள் என்பது அன்று வெறும் புவியியலாக இருக்கவில்லை.

பிற்காலத்தில் ஆற்றை மூடி அதன்மேல் சாலை போட்டார்கள். சாக்கடையும் ஆலைக்கழிவும் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஓடுகின்றன. தெற்கே வெளிவரும் ஆறு ஓடைகள் பலவற்றைச் சேர்த்துக்கொண்டு லா பாஸ் ஆறாகிறது. இல்லிமானி பனிமலைக்குத் தெற்கே மலைத்தொடரையே அறுத்துக்கொண்டு அமேசான் பக்கம் இறங்குகிறது. (மலை வழிவிட்டது, நகரம்தான் விடவில்லை.)

அதற்குமுன் ரியோ அபாகோ பள்ளத்தாக்கு வருகிறது. வறண்ட நிலம். அங்குள்ள விவசாயிகள் இந்தத் தண்ணீரைத்தான் கீரைக்கும் காய்கறிக்கும் பாய்ச்சுகிறார்கள். அவர்களைக் குறைசொல்வது எளிது. கழிவை ஆற்றில் விட்டது நகரம். அந்தக் காய்கறி விற்பனைக்குப் போவதும் அதே நகரத்துச் சந்தைக்குத்தான்.