ஒன்றரை லட்ச ரூபாய் கிட்டாரும் என் இரண்டு வளையலும்

வற்றல் குழம்பும் கோலமும் வருகிற பக்கத்தில் இவள் கிட்டாரைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகனால் ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான்.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். செல்போனில் படம் பார்த்து, நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வரவழைத்தோம். பளபளவென்று சிவப்பு கலர். ஆனால் கம்பிகள் கட்டையை விட்டு எட்டவே நின்றன. அழுத்தி அழுத்திப் பிள்ளைக்கு விரல் நுனியெல்லாம் கன்றிப்போச்சு. சுருதி சேர்த்துவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் இறங்கிவிடும். ஒரே மாசத்தில் மூலையில் சாத்திவிட்டான். "இவனுக்கெல்லாம் இது வராது, விடு" என்றார் வீட்டுக்காரர். அது அவன் காதில் விழுந்துவிட்டது. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

அப்புறம் திருச்சியில் ஒரு கடைக்குப் போனோம். அமெரிக்காவில் செய்த கிட்டார் ஒன்று தொங்கியது. விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல்! அவன் வாயைத் திறந்து கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியாதா? என் அம்மா போட்ட இரண்டு வளையலை வைத்துவிடலாமா என்றுகூட மனசு போய்விட்டது. என்னவரிடம் சொல்லாமல் இரண்டு நாள் அதே யோசனை.

கைலாசபுரம் பக்கம் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர்தான் என் கண்ணைத் திறந்தார். நான் சின்ன வயசில் இரண்டு வருஷம் வீணை கற்றவள். அதனால் அந்த வழியிலேயே விளக்கினார். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதில் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் விலை வித்தியாசம் உண்டு. அங்கே நாதத்தைத் தருவதே மரம். எலெக்ட்ரிக் கிட்டாரில் அப்படியில்லையாம். கம்பிக்கு அடியில் காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி. இதற்குப் பிக்கப் என்று பெயர். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கீழே மின்சாரம் பிறக்கிறது. அது ஆம்ப்ளிஃபயருக்குப் போய்த்தான் சத்தமாகிறது. மாண்டலின் சீனிவாஸ் கையில் இருந்ததும் இப்படி மின்சார வாத்தியம்தானே! ஆகவே பாதி நாதம் அந்தப் பெட்டியில் இருக்கிறது.

நான் நம்பவில்லை. எங்களைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். பத்தாயிரம் ரூபாய் கிட்டாரைத் தன்னுடைய நல்ல ஆம்ப்பில் வாசித்தார். பிறகு தன் விலையுயர்ந்த கிட்டாரைச் சின்ன டப்பா ஆம்ப்பில் வாசித்தார். "முதலில் வாசித்ததுதான் உசத்தி" என்று நான் அடித்துச் சொன்னேன். என் பையன் விழித்தான்.

அதற்காக உசந்ததெல்லாம் வெறும் பெயருக்கு என்று சொல்லமாட்டேன். வீணையின் மெட்டு மாதிரி இதில் ஃப்ரெட் என்று பித்தளை நிறத்திலோ வெள்ளையாகவோ கம்பிகள் பதித்திருக்கும். மாஸ்டருடையதில் அதன் ஓரங்களைத் தடவினால் வழவழவென்று இருக்கிறது. கம்பியை எவ்வளவு இழுத்து வாசித்தாலும் சுருதி அசையவில்லை. விற்றாலும் ஓரளவு பணம் திரும்பும். ஆனால் ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் லட்ச ரூபாய் கிட்டாரும் பக்கத்தில் மிக்ஸி ஓடினால் கொர்ரென்று இரையத்தான் செய்யும். இது எனக்கு ரொம்ப ஆறுதல்!

இன்னொரு சங்கதி. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல் வந்தது. அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் செய்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாதாம். அதே கம்பெனி 1982-லிருந்து ஸ்குவையர் என்ற பெயரில் குறைந்த விலைக் கிட்டார்களையும் விற்கிறது. இந்தோனேஷியாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். கட்டையை இப்போது கம்ப்யூட்டர் மெஷின் வெட்டுவதால், முன்மாதிரி கோணல்மாணல் இல்லை. மிச்சம் பிடிப்பது கடைசிக் கைவேலையில்தான்.

அந்தக் கைவேலைக்குத்தான் எங்க வீட்டில் ஆள் இருக்கிறாரே! என்னவர் துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர். பதின்மூன்றாயிரத்துக்குக் கிட்டார், ஒன்பதாயிரத்துக்கு ஆம்ப், மாஸ்டர் கையால் சரிபார்க்க ஆயிரத்தைந்நூறு, மொத்தம் 23,500 ரூபாய். சீட்டுப் பணத்தில் முடித்தோம். வளையல் கையிலேயே இருக்கிறது. கத்திரி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கி, ஃப்ரெட் முனை வெளியே நீட்டிக் கையைக் கிழித்தது. என்னவர் மெல்லிய அரத்தை எடுத்து, கட்டையில் டேப் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ராவிக்கொடுத்தார். "வராது" என்று சொன்ன வாய்தான் "இப்ப வாசிச்சுப் பாருடா" என்றது.

வாங்கப் போகிற தோழிகளே, ஆம்ப்புக்கு மூணு பின் பிளக்கும் வீட்டில் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். இல்லாவிட்டால் கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும் அபாயம் உண்டு. கையில் வாங்கிப் பார்க்காமல் மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

மூலையில் கிடந்த அந்தச் சிவப்புக் கிட்டாரையும் என்னவர் விடவில்லை. மேல்முனையில் கம்பி உட்காரும் பட்டையைக் கொஞ்சம் ராவி, கம்பியைத் தாழ்த்திவிட்டார். ஆறாவது படிக்கும் பெண் இப்போது அதில் டொய்ங் டொய்ங் என்று ஆரம்பித்திருக்கிறாள். பிரடை மட்டும் இன்னும் வழுக்குகிறது. நல்ல பிரடை தனியாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திருவெறும்பூர்.