ஐந்தரை மணி நேரம் எங்கே போனது?

காலை 10 மணிக்குக் கணினியைத் திறந்தால் திரையின் மூலையில் 4.30 என்று காட்டுகிறது. முந்தைய இரவு அதே கணினியில் லினக்ஸில் வேலை பார்த்தபோது நேரம் சரியாகத்தான் இருந்தது. விண்டோஸுக்குள் நுழைந்ததும் கடிகாரம் பின்னால் போய்விட்டது. கையால் திருத்தி வைத்தால், அடுத்த முறை லினக்ஸைத் திறக்கும்போது அங்கே முன்னால் ஓடியிருக்கிறது. இணையம் இல்லாத கடை என்றால் கேட்கவே வேண்டாம். மாலை 7 மணிக்குப் போட்ட பில்லில் மறுநாள் தேதி விழும். ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருப்பவர்களில் இந்தக் கூத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. வித்தியாசம் எப்போதும் ஐந்தரை மணி நேரம். ஒரு நிமிடம் கூடாது, குறையாது.

அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு பட்டன் செல்லின் தயவில் அது ஓடிக்கொண்டிருக்கும். அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுவது லினக்ஸின் வழக்கம். அதில் இருப்பதே உள்ளூர் நேரம் என்று நம்பி அப்படியே காட்டுவது விண்டோஸின் வழக்கம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கணக்கும் சரி. கடிகாரம் ஒன்று, வாசிப்பவர் இருவர் என்று ஆகும்போதுதான் தகராறு.

'டைம்டேட்சிடிஎல்' என்ற கட்டளையின் மூலம், மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம்தான் என்று லினக்ஸுக்கு ஒரு முறை சொல்லிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும். லினக்ஸில் ஊறியவர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றிக்கொள்ளும் நாடுகளில் இது குழப்பம் தரும் என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் அந்த வழக்கமே இல்லை என்பதால் இங்கே தாராளமாகச் செய்யலாம். வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாக இல்லாமல், கணினி ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி 1-ஐக் காட்டினால் கதை வேறு. பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பிரவுசரும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று அடம்பிடிக்கும். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

வீட்டுக் கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர்களை அடிக்கடி அலைக்கழிக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. லினக்ஸும் விண்டோஸும், லினக்ஸும் பிரின்டரும், புது முறையும் பழைய கோப்பும் சந்திக்கும் வரப்பில்தான் தண்ணீர் கசிகிறது. வயலைத் தோண்டிப் பார்ப்பதைவிட வரப்பைப் பார்ப்பது லாபம்.

வரப்புகள் இப்போது கூடிக்கொண்டிருக்கின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான பழைய கணினிகள் இதில் கழிந்துபோகின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு பக்கம் திரும்புகிறார்கள். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் வந்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

புதிதாக வருபவர்களில் பலர் விண்டோஸை அழித்துவிடத் துணிவதில்லை. பக்கத்திலேயே லினக்ஸுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் வரும். விண்டோஸின் டி டிரைவில் இருக்கும் கோப்புகள் லினக்ஸில் திறக்கின்றன. திருத்திச் சேமிக்க மட்டும் விடுவதில்லை. டிஸ்க் போய்விட்டதோ என்று பதறத் தேவையில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருப்பதற்காகத் தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அதற்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று பெயர். பாதியில் மூடிய கணக்கு நோட்டில் இன்னொருவர் கைவைத்தால் கணக்குக் குழம்பும் என்பதால், படிக்க மட்டும் அனுமதித்து லினக்ஸ் ஒதுங்கி நிற்கிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டு ஒரு முறை அணைத்தால் போதும். லினக்ஸ் பக்கமிருந்து வலுக்கட்டாயமாகத் திறக்கும் கட்டளைகளும் உண்டு. சேமிக்காத வேலை பறிபோகும் வழி அது.

இதைவிடப் பெரிய மோதல் 2024 ஆகஸ்டில் நடந்தது. அந்த மாதம் 13-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட், பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பூட் நிரல்களைத் தடுக்கும் ஒரு பட்டியலைக் கணினிகளில் பதித்தது. லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளைத் தொடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்ட கணினிகள் சிலவற்றை அது அடையாளம் காணத் தவறியது. மறுநாள் லினக்ஸைத் திறந்தவர்களுக்கு, பாதுகாப்பு விதி மீறல், ஏதோ மிகப் பெரிய தவறு நடந்துவிட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. உடனே கணினி அணைந்துவிட்டது. கணினி தொடங்கும்போது பூட் நிரலைச் சோதிக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், 'மோக்யூடில்' என்ற கருவியால் அந்தப் பட்டியலை நீக்கி, மறுபடி செக்யூர் பூட்டைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். மைக்ரோசாஃப்டின் நிரந்தரத் திருத்தம் 2025 மே மாதம்தான் வந்தது.

அந்தக் கதைக்கு இரண்டாம் பாகமும் உண்டு. பெரும்பாலான லினக்ஸ் வகைகளின் பூட் நிரலும் மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தோடுதான் செக்யூர் பூட்டைக் கடக்கிறது. அதற்கான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழின் காலம் 2026 ஜூன் வரைதான். ஏற்கெனவே கையொப்பமிட்டவை அன்றைக்கே நின்றுவிடாது. புதிதாக வருபவற்றுக்கு 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ் கணினியில் இருக்க வேண்டும். மதர்போர்டின் ஃபர்ம்வேர் அப்டேட் என்று அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் ஏற்றிக்கொள்வது நல்லது. கரன்ட் போகாத நேரமாகப் பார்த்து!

பிரின்டர் விஷயம் தனிப் புராணம். எச்பி லேசர்ஜெட் 1020 என்ற சின்னப் பிரின்டரை இன்றும் எத்தனையோ ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கலாம். லினக்ஸில் இணைத்தால் பெயர் வரும், பச்சை விளக்கு எரியும், தாள் மட்டும் வராது. அந்தப் பிரின்டருக்குத் தன் மூளையை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினிதான் அதன் ஃபர்ம்வேரை அனுப்ப வேண்டும். விண்டோஸில் டிரைவர் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். லினக்ஸிலும் எச்பிலிப் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் அந்த ஃபர்ம்வேர் திறந்த மூலம் அல்ல என்பதால், அதோடு தனியாக ஒரு பிளக்-இன் இறக்க வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டவர்கள்தான் லினக்ஸில் பிரின்டர் வேலை செய்யாது என்று முடிவுகட்டுகிறார்கள். வைஃபையில் இயங்கும் இன்றைய பிரின்டர்கள் பலவற்றுக்கு டிரைவரே தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, எல்லைக்கு உள்ளேயே நடக்கும் ஒரு தகராறு. புதிய மென்பொருள் ஏற்றப் போனால், பூட்டு கிடைக்கவில்லை என்று உபுண்டு மறுக்கும். உடனே தேடிப்பிடித்துப் பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் அறிவுரைகள் ஏராளம். அழிக்கவே கூடாது. அதே செய்தியின் கடைசியில் பூட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு எழுதியிருக்கும். பெரும்பாலும் அது பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட்தான். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கும். முதல் வரியைப் பார்த்ததும் பதறிக் கடைசி வரியைப் படிக்காமல் விடுவதுதான் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம்.

தமிழ்க் கோப்புகளிலும் ஒரு வரப்பு உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களை லிப்ரே ஆபிஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று விழுகிறது. அதே எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். யூனிகோடுக்கு மாற்றி வைத்தால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். லதா எழுத்துருவில் அமைத்த ஆவணம் லினக்ஸில் பக்கம் கூடிப்போவதும் இந்த வகைதான். லதா விண்டோஸின் எழுத்துரு. அது இல்லாத இடத்தில் வேறொரு தமிழ் எழுத்துரு வந்து உட்கார்கிறது. ஒவ்வொரு எழுத்தின் அகலமும் மாறுகிறது.

பழைய கணினியில் லினக்ஸ் ஏற்ற நினைப்பவர்கள் நேரடியாக நிறுவலில் இறங்க வேண்டாம். மின்டோ உபுண்டுவோ பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, உங்கள் பிரின்டர் பட்டியலில் வருகிறதா என்று ஒரு மணி நேரம் புழங்கிப் பாருங்கள். திருப்தியானால் அடுத்த வேலை புகைப்படங்களையும் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுப்பது. நிறுவும்போது டிஸ்க்கைப் பிரிக்கும் திரையில், முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு என்றும் ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தி உறுதி செய்தபின் பழைய கோப்புகளை மீட்க எளிய வழி எதுவும் இல்லை.