பாறைக்குள் எண்ணெய்: எதிரொலி சொல்லும் சேதி

சூரத் - பரூச் ரயில் பாதையில் உள்ள அங்கலேஸ்வரில் 1960ஆம் ஆண்டு எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. பூமிக்கடியில் எண்ணெய் ஏரி போலத் தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பஞ்சில் நீர் ஊறியிருப்பது போல, அங்கே மணற்பாறையின் நுண்துளைகளில்தான் அது ஊறிக் கிடக்கிறது.

இதை மேலேயிருந்து அறிவது எப்படி? தரையில் துளையிட்டுச் சிறிய வெடி வைக்கிறார்கள். அதிர்வலை கீழே சென்று பாறை அடுக்குகளில் மோதித் திரும்புகிறது. வரிசையாகப் பதித்த கருவிகள் அந்த எதிரொலியைப் பதிவு செய்கின்றன.

அடுத்தது கம்ப்யூட்டரின் வேலை. மணற்பாறையில் தண்ணீர் இருந்தால் எதிரொலி எப்படி வரும், எண்ணெய் இருந்தால் எப்படி, வாயு இருந்தால் எப்படி என்று கணக்கிட்டு மாதிரிகள் தயாரித்து, பதிவானதோடு ஒப்பிடுகிறார்கள். வாயு இருந்தால் அலையின் வேகம் குறையும். பல இடங்களில் எதிரொலி பளிச்செனத் தெரியும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் குறைவு, அதுதான் சிக்கல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிதளவு வாயு இருந்தாலே எதிரொலி பெரிய வயல் போலக் காட்டி ஏமாற்றிவிடும். அதை நம்பிக் கிணறு தோண்டினால் கோடிக்கணக்கான ரூபாய் வீண். கணக்கு இடத்தைத்தான் காட்டும். எண்ணெய் உண்டா, இல்லையா என்பதைக் கிணறுதான் சொல்ல வேண்டும்.