குருதிப் புரதங்களும் குடற்புற்றுநோயும்

பெருங்குடலில் தோன்றிய புற்று அறுவை மருத்துவத்தால் அகற்றப்பட்ட பின்னர், நோயாளி எத்துணைக் காலம் நலமுடன் வாழ்வார் என்னும் வினா எழுகின்றது. இதற்கு விடை காண முயன்றோர் முதற்கண் கட்டியையே நோக்கினர். 1932ஆம் ஆண்டில் இலண்டன் சென் மார்க்ஸ் வைத்தியசாலையின் நோயியலறிஞர் கத்பேட் டியூக்ஸ் என்பார், மலக்குடற் புற்று குடற்சுவருக்குள் அடங்கியுள்ளதா, சுவரைக் கடந்துள்ளதா, நிணநீர்க் கணுக்களை எட்டியுள்ளதா என்பதைக் கொண்டு நோயை மூன்று படிகளாக வகுத்தார். ஆயினும் ஒரே படியைச் சேர்ந்த இருவருள் ஒருவர் நெடிது வாழ, மற்றவர் விரைவில் மடிவதும் உண்டு. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடிய ஆய்வு, அறிஞரின் கவனத்தைக் குருதியிலுள்ள புரதங்களின்பால் திருப்பிற்று.

அவற்றுள் முதலாவது புற்றிலிருந்தே சுரப்பது. 1965ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் பிரீட்மன் என்னும் இருவர், பெருங்குடற் புற்றிலும் கருவிலுள்ள சிசுவின் குடலிலும் காணப்படும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தனர். ஆதலின் அது முளையப் புற்றுப் புரதம் எனத்தக்கது. நலமுடையோரின் குருதியில் அது பொதுவாக ஒரு மில்லிலீற்றருக்கு 5 நனோகிராமுக்குக் குறைவாகவே இருக்கும். அறுவைக்கு முன் அதன் அளவு மிக்கிருப்பின் வருநிலை கடினமென்று கருதப்படும். கட்டி முழுதும் நீங்கினால் சில வாரங்களில் அது தணியும். பின்னர் மீண்டும் ஏறுமாயின் நோய் திரும்புகின்றதோ என ஆராய்தல் வேண்டும். எனினும் புகைபிடிப்போரிடத்தும் ஈரல் நோயுற்றோரிடத்தும் அது உயர்வதால், நோயை முதன்முதற் கண்டுபிடிக்க இச்சோதனை ஏற்றதன்று.

ஏனைய இரண்டும் ஈரலில் உண்டாவன. ஒன்று, 1930ஆம் ஆண்டில் நியூயோர்க் றொக்பெல்லர் ஆய்வுநிலையத்தில் ரிலெற், பிரான்சிஸ் என்போர் நியூமோனியா நோயாளரிடத்துக் கண்ட சீ எதிர்வினைப் புரதம். உடலில் அழற்சி தோன்றியதும் சில மணி நேரத்தில் இது பெருகும். மற்றொன்று அல்புமின். குருதிக் குழாய்களுள் நீரைத் தக்கவைக்கும் இப்புரதம் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 முதல் 50 கிராம் வரை இருத்தல் இயல்பு. புற்று உடலெங்கும் அழற்சியை மூட்டும்போது முன்னது ஏற, பின்னது இறங்கும், தசை மெலியும், புண் ஆறுதல் தாமதிக்கும். கிளாஸ்கோ நகர ஆய்வாளர் இவ்விரண்டையும் இணைத்து ஓர் எளிய அளவையை அமைத்தனர். அதன் திருத்திய வடிவில், முதற் புரதம் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படின் ஒரு புள்ளி. அதனோடு அல்புமின் 35 கிராமுக்குக் குறையின் இரண்டு புள்ளி. புள்ளி ஏற ஏற, வாழ்நாள் குறைவதாகப் பெருந்தொகையான நோயாளரிடத்துக் காணப்பட்டது.

செலவு குறைந்த இவ்வளவையை ஹட்டன், நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிற் பயன்படுத்துங்கால், அதன் பொருளை நுணுகி உணர்தல் வேண்டும். மலையகத்தின் குளிரிலும் ஈரத்திலும் உழைப்போருக்கு நெஞ்சுச்சளி நோய் ஏற்படின், புற்றின்றியும் அழற்சிப் புரதம் உயரும். கொழுக்கிப்புழு குடற்சுவரைப் பற்றிக் குருதியை உறிஞ்சுவதால் ஈமோகுளோபினும் அல்புமினும் ஒருங்கே குறையும். இப்புழுவை ஒழிக்கும் இயக்கமொன்றை றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916ஆம் ஆண்டில் இலங்கையிலே தொடங்கினர் என்பது, அக்காலத் தோட்டங்களில் அது விளைத்த இன்னலின் கடுமையைக் காட்டும். ஆகவே தொற்று நீங்கிய பின் மீளவும் அளந்து பார்த்தே முடிவுக்கு வருதல் முறையாகும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பெருங்குடலின் வலப்புறத்துப் புற்று, கண்ணுக்குப் புலனாகாமல் சிறுகச் சிறுகக் குருதியைக் கசியவிடும். அதன் முதல் அறிகுறி வெறும் சோகையாகவே இருத்தல் கூடும். கொழுந்து பறிக்கும் பெண்களிடையே சோகை வழமையான ஒன்று எனக் கருதி, இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடின் உள்ளிருக்கும் நோய் மறைந்தே வளரும். மாதவிலக்கு நின்ற பெண்ணிடத்தும் ஆணிடத்தும் இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை காணப்படின், குடலையும் சோதித்தல் இன்றியமையாதது.

சிகிச்சைக்குப் பிந்திய கண்காணிப்பும் தோட்ட மக்களுக்கு எளிதன்று. மகரகமையிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலை ஹட்டனிலிருந்து 100 கிலோமீற்றருக்கு அப்பாற்பட்டது. ஒரு பயணம் என்பது நாட்சம்பள இழப்புமாகும். இந்திய உதவியுடன் கட்டப்பெற்று 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்றவை அண்மையில் இருத்தலின் பயன் இங்கே விளங்கும். அருகிலே பெறப்பட்ட குருதி மாதிரியைத் தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். நோயாளி ஒவ்வொரு சோதனைக்கும் அங்ஙனம் அலைய வேண்டியதில்லை.

இப்புரத அளவுகள் பலரைக் கொண்டு கணித்த பொதுநிலையைக் கூறுவன. தனியொருவரின் ஆயுளை வரையறுக்க வல்லன அல்ல. அல்புமினின் குறைவு, ஊண் குறைவினால் மட்டும் வருவதன்று. அழற்சியும் அதற்குக் காரணமாதலின் பருப்பும் முட்டையும் கருவாடும் உண்பதனால் மட்டும் அது உடனே உயர்ந்துவிடாது. எனினும் தொற்றைத் தீர்த்து, புழுவை நீக்கி, சோகையை மாற்றி, தக்க உணவளித்து நோயாளியை அறுவைக்கு ஆயத்தஞ் செய்தல் வைத்தியரால் இயலும். குறைந்த எண்ணைக் கண்டு ஒருவரைக் கைவிடுவதற்கு மாறாக, அவருக்கு எவ்வுதவி முதலில் வேண்டும் என்பதை அறியப் பயன்படுத்துவதே இவ்வறிவின் உரிய பயனாகும்.