டென்ட்டுக்குள் ஏசு, திரைக்குப் பின்னால் நாம்!

உடுமலைப்பேட்டைக்காரர் யாரிடமாவது சினிமாப் பேச்சை எடுத்துப் பாருங்கள். ரெண்டாவது நிமிஷமே பாடலாசிரியர் நாராயண கவி வந்து உட்கார்ந்துகொள்வார். வராமல் இருப்பாரா? பக்கத்துப் பூளவாடியில் பிறந்து, உடுமலை என்ற பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் பாட்டுப் புத்தகத்தில் ஏற்றியவர் ஆயிற்றே! ஆனால் கவி சினிமாவுக்குள் காலெடுத்து வைப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்னாலேயே, கோயமுத்தூர் கோட்டைமேட்டுக் கத்தோலிக்கர் ஒருவர் ஏசுநாதரைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். ஆமாங்க, கொங்குச் சீமையின் சினிமாக் கதைக்குப் பிள்ளையார் சுழி போட்டதே ஏசு படம்தான்!

அவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ல் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன், மாசம் 25 ரூபாய் சம்பளம். கோடு போட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்திருக்கலாம். 1905-ல் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனது. கையில் இருப்பதை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பினால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. நம்ம ஆள் பணத்தைப் புரட்டி, புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் இரண்டாயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு வாங்கிவிட்டார். ஏறக்குறைய ஏழு வருஷச் சம்பளம்! வேலைக்கும் ஒரு கும்பிடு. வீட்டில் என்னவெல்லாம் பேச்சு வாங்கியிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

அந்த மூட்டையில் குட்டிக் குட்டித் துண்டுப் படங்கள் இருந்தன. அவற்றோடு கிறிஸ்துவின் வாழ்க்கையும் இருந்தது. கூட்டத்தை இழுத்தது அதுதான்.

சரி, வாங்க, அப்படியே பாரிஸ் வரைக்கும் போய்ப் பின்பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் காலத்தில் உலகம் சுற்றிய ஏசு படங்களில் பெரும்புகழ் பெற்றது பாத்தே கம்பெனியின் படம். ஃபெர்டினாண்ட் செக்காவும் லூசியன் நோங்கேயும் 1902-லிருந்து 1905 வரை காட்சி காட்சியாகச் சேர்த்து எடுத்தது. பெத்லகேம், எருசலேம் எல்லாம் தீட்டிய படுதாக்கள். வேண்டிய காட்சியை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பணம் குறைவா? சில அற்புதங்கள் இல்லாமலே ஏசு உயிர்த்தெழுவார்!

எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் வரும் பிறப்புக் காட்சி. மாதாவும் சூசையப்பரும் வெறும் புல்தொட்டி முன்னால் நிற்கிறார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள், தொட்டியில் குழந்தை! ஒன்றுமில்லை, கேமராவை நிறுத்தினார்கள், நடிகர்கள் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள், யாரோ ஓடிவந்து குழந்தையை வைத்துவிட்டு ஓடினார்கள், மறுபடி கைப்பிடியைச் சுற்றினார்கள். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கன்னி வயிற்றில் பிறந்த பிள்ளை என்ற விசுவாசத்தை எப்படிக் காட்டுவது என்று ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிரசவ வலியைக் காட்டினால் வேதசாஸ்திரிகள் சண்டைக்கு வருவார்கள். காட்டாவிட்டால் சனங்களுக்குக் கதை புரியாது. செக்கா கம்பெனிக்காரர்கள் ஒரே வெட்டில் வழக்கை முடித்துவிட்டார்கள். எந்தப் பாதிரியாரும் குறை சொல்ல முடியாத பிரசவம்!

கடல்மேல் நடப்பது இன்னொரு கூத்து. ஒரே பிலிமில் ரெண்டு தடவை படம் பிடிப்பார்கள். முதல் தடவை கடல், அடுத்த தடவை ஏசு. கழுவி எடுத்தால் அவர் அலைமேல் நடந்து வருவார். வண்ணமோ இன்னும் பெரிய பாடு. கருப்பு வெள்ளைப் படத்தில் கட்டம் கட்டமாக நிறம் ஏற்றியவர்கள் பெண் தொழிலாளர்கள். சட்டைக்கு ஒரு நிறம், வானத்துக்கு ஒரு நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு வெட்டி, அதன் வழியே சாயம் தடவினார்கள். திரையில் ஒரு நொடி ஓட ஏறக்குறைய பதினாறு கட்டம் வேண்டும். கணக்குப் போட்டால் தலை சுற்றும், போடாதீர்கள்.

போட்டிக் கம்பெனி கோமோன் சும்மா இருக்குமா? 1906-ல் அவர்களும் ஓர் ஏசு படம் எடுத்தார்கள். 25 காட்சி, 300 பேர் வரை துணை நடிகர்கள். இயக்கியது அலிஸ் கீ என்ற பெண். சிலுவைப் பாதையில் ஏசுவின் முகம் துடைத்த வெரோணிக்காளுக்கும், கூடவே அழுதுகொண்டு வந்த பெண்களுக்கும் அவர் தாராளமாக இடம் கொடுத்தார். சினிமாவுக்கே பத்து வயசுதான் ஆகியிருந்த நேரம்!

இப்போது டென்ட்டுக்குத் திரும்புவோம். பேசாத படம். நல்லவன் யார், கெட்டவன் யார் என்று எதைக் கொண்டு சொல்வது? யூதாசின் கையில் பணப்பை, பிலாத்துவின் முன்னால் தண்ணீர்ப் பாத்திரம், மண்டியிட்டவன் நல்லவன், விரல் நீட்டுகிறவன் பொல்லாதவன். போதாக்குறைக்குத் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள். அந்தக் கால வழக்கம் அது. உடுக்கைப் பாட்டில் அண்ணன்மார் கதை கேட்டு, அதில் வரும் வில்லன் தலையூர்க் காளியை நினைத்துப் பல்லைக் கடித்துப் பழகிய சனத்துக்கு யூதாசை அடையாளம் காட்ட உபதேசியார் தேவையா என்ன?

வின்சென்ட் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு சென்னை, பம்பாய், லாகூர், பெஷாவர் என்று போனார், ரங்கூனையும் விடவில்லை. அவர் விற்றது டிக்கெட். பிரசங்கம் செய்ய அவர் போகவில்லை. என்னைக் கேட்டால், வேதக் கதை அவ்வளவு பேர் கண்ணில் விழுந்ததற்குக் காரணமே அதுதான். கோயிலுக்கு வா என்றால் யோசிக்கிறவன், படம் அசையுதாம் வா என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். வந்தவன் அழுதுவிட்டுப் போனால் அது அவன் பாடு, ஏசு பாடு.

இதே கதை பம்பாயில் வேறு விதமாகத் திரும்பியது. 1910 - 11 வாக்கில் கிறிஸ்து படம் பார்க்க உட்கார்ந்த தாதாசாகிப் பால்கேயின் கண்ணுக்குள் கிருஷ்ணரும் ராமரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடி மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தது. பொய்யே பேசாதவன் கதையை முதலில் பிடித்தார் மனுஷர். பிறகு ‘காளிய மர்தன்’ எடுத்தபோது பாம்பின் தலையில் ஆடும் கிருஷ்ணராக நடித்தது அவருடைய மகள் மந்தாகினி.

வின்சென்ட் 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். நிரந்தரக் கொட்டகை, தென்னாட்டின் முன்னோடிகளில் ஒன்று. பின்னாளில் அது டிலைட் ஆனது. தெருவுக்கு மட்டும் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களிலும் அவர் உண்டு. அதற்கெல்லாம் முன்பு, 1933-ல், கல்கத்தா பயனியர் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டி.பி. ராஜலட்சுமியை வைத்து அவர் தயாரித்த படம் எது தெரியுமா? ‘வள்ளி திருமணம்’! ஏசுவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய கத்தோலிக்கர் முருகன் கல்யாணத்தை நடத்தி வைத்தார். ஊரும் படத்தைக் கொண்டாடியது.

எதிர்த் திசையிலும் போக்குவரத்து இருந்தது. நம்ம நாராயண கவி பாடம் கேட்ட சங்கரதாஸ் சுவாமிகள், வள்ளி திருமணம் எழுதிய கையாலேயே ‘ஞானசௌந்தரி’யையும் நாடகமாக எழுதினார். சித்தியின் சூழ்ச்சியால் காட்டில் கைகள் வெட்டப்படும் இளவரசி, மாதா அருளால் கைகளைத் திரும்பப் பெறும் கதை. ஐரோப்பியப் பாட்டிகள் சொன்ன கதைதான், கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் கையிழந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். நம் மேடைக்கு வந்ததும் பக்கா தமிழ்ச் சித்தி கொடுமையாகிவிட்டது.

1948-ல் இந்தக் கதையை ரெண்டு கம்பெனிகள் ஒரே சமயத்தில் படமாக எடுத்தன. ஒன்று ஜோசப் தளியத்தின் சிட்டாடல், இன்னொன்று வாசனின் ஜெமினி. ‘சந்திரலேகா’வில் முரசு நடனம் போட்டு நாட்டையே வாய் பிளக்க வைத்த அதே ஜெமினி, அதே வருஷம்! பந்தயம் யார் பக்கம் என்று கேட்கவா வேண்டும்? ஆனால் சிட்டாடல் படத்தில் ஒரு மாதா பாட்டு இருந்தது. சிறுமி ஜிக்கி குரலில் பாடத் தொடங்கும் குழந்தை, பாட்டு முடிவதற்குள் பி.ஏ. பெரியநாயகி குரலில் பெரியவளாகி, எம்.வி. ராஜம்மாவாக நிற்பாள். பாதிக் கதையை அந்த ஒரே பாட்டு நகர்த்திவிட்டது. மாதா கோயில் வாசலை மிதிக்காத வீடுகளிலும் அதை முணுமுணுத்தார்கள். சிட்டாடல் படம் ஓடோ ஓடென்று ஓடியது. வாசனின் மாதா மட்டும் ஏனோ அற்புதம் செய்யவில்லை, ஜெமினி படம் படுத்தே விட்டது.